லண்டன்–பாரிஸ் யூரோஸ்டார்: ரயிலுக்கு நல்ல மதிப்பெண், எல்லைச் சாவடிக்குப் பாதிதான்

லண்டன் செயின்ட் பாங்க்ரஸிலிருந்து பாரிஸ் கார் து நோர் வரை, வேகமான வண்டியில் 2 மணி 16 நிமிடம். வண்டியைப் பற்றிக் குறை சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. பயணியைப் படுத்துவதெல்லாம் வண்டியில் ஏறுவதற்கு முன்னால்தான். பிரிட்டனும் பிரான்சும் எல்லையைப் பற்றித் தங்களுக்குள் பேசி முடித்த ஒவ்வொரு ஒப்பந்தமும் இந்த இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒரு கதவாக, ஒரு கவுன்டராக, ஒரு வரிசையாக நிற்கிறது. அதனால் இந்த விமர்சனத்தில் இருக்கையையும் காபியையும் விட பாஸ்போர்ட் கவுன்டருக்கே இடம் அதிகம். அதைப் புரிந்துகொண்டு போகிறவர்களுக்கு இது ஐரோப்பாவின் மிக வசதியான பயணங்களில் ஒன்று. புரியாமல் போகிறவர்கள் கேட் மூடிய பிறகு வெளியே நின்று விவாதம் செய்கிறார்கள்.

லண்டனுக்குள் ஒரு துண்டு பிரான்ஸ்

செயின்ட் பாங்க்ரஸில் நடைமுறை இப்படி. முதலில் டிக்கெட் கேட். பிறகு பாதுகாப்பு ஸ்கேனர்; விமான நிலையம் போல 100 மில்லி கணக்கு இங்கே இல்லை, தண்ணீர் பாட்டிலோடு போகலாம். அதையடுத்து நேராக பிரெஞ்சு எல்லைப் போலீஸ். வெளியேறுகிறவர்களுக்கு பிரிட்டன் தனியாக பாஸ்போர்ட் கவுன்டர் வைப்பதில்லை. டிக்கெட்டோடு நீங்கள் முன்கூட்டியே பதிந்த பாஸ்போர்ட் விவரமே அதற்குப் போதும். பிரெஞ்சு கவுன்டரைத் தாண்டியதும், லண்டனில் நின்றுகொண்டே ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்த பொது விசா எல்லை) நுழைவு முடிந்துவிடுகிறது. அங்கே குறுகிய காலம் தங்க அனுமதிக்கும் 90 நாள் கணக்கும் அந்தத் தேதியிலிருந்தே ஓடும். பாரிஸில் இறங்கியதும் யாரும் எதுவும் கேட்பதில்லை. பிளாட்பாரத்திலிருந்து நேரே தெருவுக்கு நடக்கலாம். இந்தச் சேவை விமானத்தை ஜெயிப்பதே இந்த ஒரு விஷயத்தில்தான்.

இதன் வேர், இந்த ரயில் ஓடும் கடலடிச் சுரங்கத்தைக் கட்டுவதற்காக 1986 பிப்ரவரி 12 அன்று கான்டர்பரியில் கையெழுத்தான ஒப்பந்தம். இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்கள் கையெழுத்திட, பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரும் பிரெஞ்சு அதிபர் பிரான்சுவா மித்தரானும் உடன் இருந்தார்கள். கடலுக்கடியில் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பது வரை அதில் தீர்மானமானது. ஆனால் கோடு இருக்கிற இடத்தில் சோதனை வைக்க முடியாதே. அதனால் 1991 நவம்பர் 25 அன்று சாங்கத் நெறிமுறை வந்தது: ஒரு நாட்டின் அதிகாரிகள் மற்ற நாட்டின் மண்ணில், குறிக்கப்பட்ட வளாகத்துக்குள், தங்கள் நாட்டுக் குடிவரவுச் சட்டப்படி சோதிக்கலாம். முதலில் அது கார்களை ஏற்றிச் செல்லும் ஷட்டில் முனையங்களுக்குத்தான். 2000 மே 29 அன்று போட்ட கூடுதல் நெறிமுறை யூரோஸ்டார் ஸ்டேஷன்களுக்கும் அதை நீட்டியது. லண்டனில் வந்திறங்கியபின் சோதிப்பதை விட, பாரிஸில் ஏறும் முன்னரே சோதித்துவிட வேண்டும் என்பது பிரிட்டனின் தேவை.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். அரசியல் விவாதங்களில் எதற்கெடுத்தாலும் 2003ஆம் ஆண்டின் லெ தூக்கே ஒப்பந்தத்தை இழுப்பார்கள். அது டோவர், கலே போன்ற துறைமுகங்களுக்கானது. பாரிஸில் யாராவது தேர்தல் மேடையில் "லெ தூக்கேயைக் கிழித்தெறிவோம்" என்றால் கப்பல் பயணிகள் கவலைப்படலாம். உங்கள் ரயில் சாங்கத்தின் கீழ் ஓடிக்கொண்டிருக்கும்.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்

சாதாரண வகுப்புக்கும் பிளஸ் வகுப்புக்கும் கேட் மூடுவது புறப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்பு. பிரீமியருக்கு 15 நிமிடம். இது வரிசையில் நிற்கத் தொடங்கும் நேரம் கிடையாது, டிக்கெட் கேட்டைத் தாண்டியிருக்க வேண்டிய நேரம். 75 முதல் 90 நிமிடம் முன்னதாக ஸ்டேஷனில் இருப்பது நிதானமான கணக்கு. அதற்கும் வெகு முன்னதாகப் போய்ப் பயனில்லை. காத்திருப்புக் கூடம் சிறியது, உட்கார இடம் கிடைப்பதே பாடு, உங்கள் ரயிலுக்கு முந்தைய கூட்டம் போகும்வரை உள்ளே விடமாட்டார்கள்.

நெரிசலுக்குக் காரணம் எளிய கணக்கு. ஒரு ரயிலில் சுமார் 900 இருக்கை. அடுத்தடுத்து இரண்டு ரயில் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் 1,800 பேர் வரை ஒரே ஸ்கேனர், ஒரே கவுன்டர் வழியாகப் போக வேண்டும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட்டுக்கு முன், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை ஒரு பார்வை பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதன்பின் ஒவ்வொன்றிலும் முத்திரை குத்த வேண்டியதாயிற்று. ஸ்டேஷன்கள் உச்ச நேரத்தில் கையாளக்கூடிய பயணிகள் எண்ணிக்கை பிரெக்ஸிட்டுக்கு முன்பு இருந்ததை விட 30% குறைந்துவிட்டது என்று யூரோஸ்டாரே 2022இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றப் போக்குவரத்துக் குழுவுக்கு எழுதியது. அதாவது, ரயிலில் இடம் இருந்தும் வாசலில் இடம் இல்லாததால் டிக்கெட் விற்க முடியவில்லை. கட்டணம் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2025 அக்டோபர் 12 அன்று ஷெங்கன் நாடுகளில் இ.இ.எஸ் என்ற நுழைவு–வெளியேற்றப் பதிவு முறை படிப்படியாகத் தொடங்கியது. முத்திரைக்குப் பதிலாக முகப்படமும் நான்கு விரல் ரேகையும். செயின்ட் பாங்க்ரஸில் இதற்கென்றே 49 கியாஸ்க்குகள் (நாமே பதிந்துகொள்ளும் இயந்திரங்கள்) வைத்திருக்கிறார்கள். முதல் பதிவுக்குத்தான் நேரம் பிடிக்கும். பதிவு மூன்று ஆண்டு இருக்கும், அடுத்த பயணங்களில் சரிபார்ப்பு மட்டுமே. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ரேகை எடுப்பதில்லை, முகப்படம் உண்டு. ஷெங்கன் குறுகியகால விசா வைத்திருப்பவர்களின் ரேகை விசா விண்ணப்பத்தின்போதே எடுத்தாகிவிட்டதால் மறுபடி பதிவதில்லை. கியாஸ்க் முடிந்தாலும் போலீஸ் கவுன்டருக்குப் போயே ஆக வேண்டும். சிலர் கியாஸ்க்கோடு வேலை முடிந்தது என்று நினைத்து ஒதுங்கி நின்றுவிடுகிறார்கள்.

உள்ளே வரிசை நகராமல் நேரம் நெருங்கினால் பதறாதீர்கள், சும்மாவும் இருக்காதீர்கள். ஊழியர்கள் ரயில் நேரத்தைச் சொல்லி அழைத்து அந்தப் பயணிகளை முன்னால் விடுவார்கள். அழைப்பைக் காதில் வாங்கியபடி நிற்க வேண்டும். வெள்ளி பிற்பகல், ஞாயிறு மாலை, பள்ளி விடுமுறை தொடங்கும் நாள் மூன்றையும் தவிர்த்தால் பாதித் தொல்லை போய்விடும். செவ்வாய், புதன் நண்பகல் வண்டிகள் ஒப்பிடும்போது நிம்மதி.

யார் எந்தக் காகிதத்தோடு போக வேண்டும்

பெரும்பாலான பயணங்கள் கெடுவது இங்கேதான்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட்: 180 நாளில் 90 நாள் வரை விசா வேண்டாம். இரண்டு தேதிகளைப் பாருங்கள். நுழையும் நாளில் பாஸ்போர்ட் வழங்கப்பட்டு பத்து ஆண்டு நிறைந்திருக்கக் கூடாது. திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். 2018 செப்டம்பருக்கு முன் எடுத்த பழைய பாஸ்போர்ட்டுகளில், முந்தையதில் மீதியிருந்த மாதங்களையும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். காலாவதித் தேதி இன்னும் வரவில்லை, ஆனால் பத்து ஆண்டு தாண்டிவிட்டது என்ற நிலையில் திரும்ப அனுப்பப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பிரெஞ்சு பாஸ்போர்ட்: லண்டன் போக இ.டி.ஏ என்ற மின்னணுப் பயண அனுமதி வேண்டும். அது பாஸ்போர்ட் எண்ணோடு பிணைந்தது. இரண்டு ஆண்டு செல்லும் என்றாலும், நடுவில் பாஸ்போர்ட்டை மாற்றினால் புதிதாக எடுக்க வேண்டும். 2021 அக்டோபர் 1 முதல் பெரும்பாலானோருக்கு அடையாள அட்டை மட்டும் போதாது. இரு குடியுரிமையும் உள்ளவர்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் கையில் வைத்திருங்கள். பிரெஞ்சுக் கவுன்டரில் பிரெஞ்சு, பிரிட்டிஷ் கவுன்டரில் பிரிட்டிஷ். பிரிட்டிஷ் குடிமக்களுக்கு இ.டி.ஏ கொடுப்பதில்லை என்பதால், பிரெஞ்சு பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புவது வம்பு.

பிரிட்டனில் வசிக்கும் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்கள்: பாரிஸுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். போவதை விடத் திரும்புவதில்தான் கவனம் வேண்டும். பி.ஆர்.பி என்ற பிரிட்டிஷ் வதிவிட அட்டைக் காலம் முடிந்து எல்லாம் இணையக் கணக்கில் இருக்கும் இ-விசா ஆகிவிட்டது; உங்கள் இப்போதைய பாஸ்போர்ட் எண் அந்தக் கணக்கில் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டுக் கணக்கில் மாற்றாமல் விட்டால், கார் து நோரில் உங்கள் உரிமை திரையில் தெரியாது. கிளம்பும் முன் உள்ளே போய்ச் சரிபார்த்து, ஷேர் கோடு (உங்கள் உரிமையை மற்றவர் இணையத்தில் சரிபார்க்க உதவும் குறியீடு) ஒன்று எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரான்சில் வதிவிட அட்டையோடு இருப்பவர்கள்: இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால் பிரிட்டிஷ் விசா வேண்டும். திரும்பி வரும்போது செயின்ட் பாங்க்ரஸ் பிரெஞ்சுப் போலீஸ் கேட்பது வதிவிட அட்டையின் மூலப்பிரதியை. போனில் உள்ள படம் செல்லாது. அட்டை இருப்பவர்களுக்கு இ.இ.எஸ் பதிவு கிடையாது, அதற்கான வரிசையில் வீணாக நிற்காதீர்கள். அட்டை புதுப்பிப்புக்குக் கொடுத்திருந்தால் பழைய அட்டையும், விண்ணப்பம் பெற்றதற்குத் தரும் ரெசெபிசே என்ற சீட்டும் சேர்ந்து இருக்க வேண்டும். முதல்முறை விண்ணப்பத்துக்குக் கொடுக்கும் ரெசெபிசேயை மட்டும் வைத்துக்கொண்டு பிரான்சை விட்டு வெளியேறாதீர்கள்; அதற்குத் திரும்ப நுழையும் உரிமை இல்லை.

பிரெஞ்சு அகதிப் பயண ஆவணம் வைத்திருப்பவர்களுக்கும் பிரிட்டிஷ் விசா தேவை. அகதிகளுக்கு விசா விலக்களிக்கும் 1959ஆம் ஆண்டு ஐரோப்பிய உடன்பாட்டை பிரிட்டன் 2003இல் நிறுத்தி வைத்தது. பழைய காலத்தில் போய்வந்த உறவினர்களின் பேச்சை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

சுற்றுலா வருகிறவர்களுக்கு ஒரே ஒரு பெரிய பொறி. ஒற்றை நுழைவு ஷெங்கன் விசாவில் பாரிஸ் வந்து, இரண்டு நாள் லண்டன் பார்த்துவிட்டு மறுபடி பாரிஸ் வழியாக விமானம் ஏறத் திட்டம் போடுவார்கள். கார் து நோரில் பிரெஞ்சுக் கவுன்டரைத் தாண்டிய கணமே அந்த நுழைவு செலவாகிவிட்டது. லண்டனிலிருந்து திரும்ப முடியாது. பல நுழைவு விசா இல்லையென்றால் பயணத்தை லண்டனில் தொடங்கியோ லண்டனிலேயே முடித்தோ அமைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக் குழுக்களுக்கு மட்டும் நல்ல சேதி உண்டு. 2023 மார்ச்சில் பிரிட்டிஷ் பிரதமரும் பிரெஞ்சு அதிபரும் பாரிஸில் சந்தித்தபோது ஒத்துக்கொண்ட சலுகை, 2023 டிசம்பர் 28 முதல் நடப்பில் இருக்கிறது. பிரான்சில் படிக்கும் 18 வயது வரையிலான மாணவர்கள் ஐந்து பேருக்குக் குறையாத குழுவாக வந்தால், பிரெஞ்சு, ஐரோப்பிய ஒன்றியப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டை போதும். வேறு நாட்டு பாஸ்போர்ட் உள்ள பிள்ளைகளுக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட் வேண்டும். பள்ளி அதற்கான படிவத்தை நிரப்பிக் கொண்டுவர வேண்டும். கூட வரும் ஆசிரியருக்கு இந்தச் சலுகை இல்லை. வகுப்பு முழுதும் உள்ளே போக, ஆசிரியர் மட்டும் வெளியே நிற்கும் வேடிக்கை இதனால்தான்.

பாரிஸ் பக்கம்

கார் து நோரில் யூரோஸ்டார் வாயில் மேல்தளத்தில். வரிசை லண்டனுக்கு நேர்மாறு: டிக்கெட், பிரெஞ்சு வெளியேற்றம், சில அடி தள்ளி பிரிட்டிஷ் எல்லைப் படை, கடைசியில் ஸ்கேனர். இரண்டு கவுன்டர் என்பதால் லண்டனை விட நேரம் கூடும். பிரிட்டிஷ், ஐரோப்பிய ஒன்றிய பாஸ்போர்ட்டுகளுக்கும் அமெரிக்கா, சிங்கப்பூர் போன்ற சில நாடுகளின் பாஸ்போர்ட்டுகளுக்கும் ஈ-கேட் என்ற தானியங்கி வாயில் உண்டு, மற்றவர்கள் அதிகாரியிடம். எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள், யார் செலவு என்ற மூன்றுக்கும் பதில் தயாராக இருக்கட்டும். திரும்பும் டிக்கெட்டை போனில் தேடிக்கொண்டிருப்பது பின்னால் நிற்பவர்களின் சாபத்தைத்தான் வாங்கும். பிரிட்டிஷ் அதிகாரி மறுத்தால், பிரெஞ்சு வெளியேற்றப் பதிவை ரத்து செய்து உங்களை அங்கேயே விட்டுவிடுவார்கள். நீங்கள் பிரான்சை விட்டே போகவில்லை என்பதுதான் அதன் பொருள். விமானத்தில் போய் இறங்கியபின் திருப்பி அனுப்பப்படுவதோடு ஒப்பிட்டால் இது சேதாரம் குறைவு.

நேரக் கணக்கில் ஏமாறாதீர்கள். பாரிஸ் லண்டனை விட ஒரு மணி முன்னால். டிக்கெட்டில் இரண்டு பக்கமும் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

85 செ.மீ. நீளம் வரை இரண்டு பெட்டி, ஒரு கைப்பை. எடைக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் நீங்களேதான் தூக்கி வைக்க வேண்டும்.

கார் து நோருக்கு அருகிலேயே லா சப்பல். ஃபோபூர் சான்-தெனி தெருவில் தமிழ்க் கடைகளுக்குள் நுழைந்துவிட்டு நேராக ரயிலுக்கு வருகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஒன்று, 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து ஆடு, மாடு, பன்றி இறைச்சியும் பால் பொருள்களும் தனிப்பட்ட உபயோகத்துக்குக்கூட பிரிட்டனுக்குள் கொண்டுவரக் கூடாது. கால்நடைகளுக்கு வரும் கோமாரி நோய் பரவியதால் வந்த தடை. மட்டன் ரோல்ஸ் அதில் சேர்த்தி. கடையில் சீல் வைத்துக் கட்டிக் கொடுத்தாலும் சேர்த்திதான். நெய்யும் பன்னீரும் அப்படியே. இங்கிலாந்தில் கடுமையான மீறலுக்கு அபராதம் 5,000 பவுண்டு வரை. மீனுக்கு இந்தத் தடை இல்லை, எனவே மீன் ரோல்ஸ் தப்பித்தது. எதிர்த்திசையில் லண்டனிலிருந்து பாரிஸுக்கு இறைச்சியும் பாலும் 2021 ஜனவரியிலிருந்தே தடை. இரண்டு, சமையல் கத்தி ஸ்கேனரில் நின்றுவிடும். அரிவாள்மனை வாங்கியவர்கள் ஆசையை விட்டுவிடலாம்.

கல்யாணத்துக்குப் பட்டும் நகையும் வாங்கிப் போகிறவர்கள் சுங்க வரம்பைப் பாருங்கள். பிரிட்டனுக்குள் புதிய பொருள் 390 பவுண்டு வரை வரியில்லை; தாண்டினால் அறிவிக்க வேண்டும். ரயிலில் பிரான்சுக்குள் வரும்போது 300 யூரோ. பிரெக்ஸிட்டில் கிடைத்த ஒரே இலாபம் வாட் வரி திரும்பக் கிடைப்பது, அதுவும் ஒரு பக்கம்தான். பிரிட்டனில் வசிப்பவர் பிரான்சில் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரி திரும்பக் கேட்கலாம். கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்கி, கார் து நோரில் பாப்லோ இயந்திரத்தில் அதன் பார்கோடைக் காட்ட வேண்டும். இதை யூரோஸ்டார் வாயிலுக்கு ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட் கவுன்டரைத் தாண்டியபின் இறங்கி வர முடியாது. லண்டனில் வாங்கி எடுத்துப் போகும் பொருளுக்கு இந்த வசதியை பிரிட்டன் 2020 முடிவோடு நிறுத்திவிட்டது.

வண்டிக்குள்

புதிய சீமென்ஸ் வண்டிகள் 16 பெட்டி, 400 மீட்டர் நீளம், மணிக்கு 320 கி.மீ. ஒவ்வொரு இடத்திலும் பிரிட்டிஷ் பிளக், ஐரோப்பிய பிளக் இரண்டும் இருப்பது பாராட்ட வேண்டியது. உணவு 8, 9ஆம் பெட்டிகளில். விலை அதிகம், ருசி சுமார், கட்டிக்கொண்டு போங்கள். சில ஜன்னலோர இருக்கைகளில் ஜன்னலுக்குப் பதில் சுவர்தான். சுரங்கத்துக்குள் வேகம் 160 ஆகக் குறையும், 20 நிமிடத்தில் தாண்டிவிடும். 50 கி.மீ. சுரங்கத்தில் ஒவ்வொரு 375 மீட்டருக்கும் நடுச் சேவைச் சுரங்கத்துக்கு ஒரு கதவு. வண்டி எங்கே நின்றாலும் ஏதாவது ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் கதவு இருக்கும்படிக் கணக்கு.

காசு

மாதக்கணக்கில் முன்னதாக எடுத்தால் 50 பவுண்டுக்குள்ளும் ஒருவழி டிக்கெட் கிடைக்கும். கடைசி நாளில் 200 பவுண்டைத் தாண்டும். இவ்வளவு விலை ஏன் என்பதற்கும் கான்டர்பரி ஒப்பந்தத்தில் பதில் இருக்கிறது. அரசுப் பணமோ அரசு உத்தரவாதமோ இல்லாமல் சுரங்கத்தைக் கட்ட வேண்டும் என்பது தாட்சர் வைத்த நிபந்தனை. முதல் பிரிவிலேயே அது ஏறிவிட்டது. கடனெல்லாம் தனியார் தலையில் விழுந்தது. சுரங்க உரிமைக் காலம் 2086 வரை நீட்டப்பட்டிருக்கிறது. அதைத் தாண்டும் ஒவ்வொரு ரயிலும் செலுத்தும் சுங்கம் உங்கள் டிக்கெட்டுக்குள் இருக்கிறது. லண்டனிலிருந்து சுரங்கம் வரையான அதிவேகப் பாதையின் கட்டணமும் சேர்த்தி. தேதி மட்டும் உறுதி, நேரம் எதுவானாலும் சரி என்பவர்களுக்கு ஸ்னாப் டிக்கெட் நல்ல பேரம். காலையா பிற்பகலா என்று மட்டும் தேர்ந்தெடுக்கலாம். எந்த ரயில் என்பதைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்புதான் சொல்வார்கள், மாற்ற முடியாது.

கெட்டுப் போகும்போது

மாற்றுப் பாதை கிடையாது என்பதுதான் இந்தத் தடத்தின் பலவீனம். ஓரிடத்தில் கோளாறு என்றால் எல்லாமே நிற்கும். 2009 டிசம்பர் 18 இரவு ஐந்து ரயில்கள் சுரங்கத்துக்குள் நின்றன, 2,000 பேருக்கு மேல் மாட்டிக்கொண்டார்கள். காரணம் பனி, ஆனால் தண்டவாளத்தில் விழுந்த பனி அல்ல. வட பிரான்சில் அன்று பெய்தது மாவு போன்ற உலர்ந்த பனி. அது காற்று வடிகட்டிகளைத் தாண்டி எஞ்சினுக்குள் போய்ப் படிந்தது. சுரங்கத்தின் வெப்பமும் ஈரப்பதமும் நிறைந்த காற்றுக்குள் வண்டி நுழைந்ததும் எல்லாம் நீராகி மின்னணுப் பலகைகளை நனைத்தது. மூன்று நாள் சேவையே இல்லை. 2023 டிசம்பர் 30 அன்று லண்டன் பக்கம் தேம்ஸ் நதிக்கடியில் உள்ள சுரங்கத்தில் வெள்ளம். 2025 மார்ச் 7 அன்று கார் து நோருக்கு வெளியே தண்டவாளம் அருகில் இரண்டாம் உலகப் போர்க் குண்டு கிடைத்து, அன்றைய ரயில்கள் ரத்து. போர் முடிந்து எண்பது ஆண்டாகியும் இரு நாட்டுக்கும் நடுவே அதுவும் ஒரு எல்லைச் சோதனைதான்.

தாமதம் 60 நிமிடத்தைத் தாண்டினால் அந்தப் பயணக் கட்டணத்தில் குறைந்தது 25%, 120 நிமிடத்தைத் தாண்டினால் குறைந்தது 50% கேட்க உரிமை உண்டு. கணக்கு சேருமிடத்துக்கு வந்த நேரத்தை வைத்து. மூன்று மாதத்துக்குள் கேளுங்கள். வவுச்சராக எடுத்தால் கூடத் தருகிறோம் என்பார்கள். மறுபடி பயணம் உறுதியில்லை என்றால் பணமாகவே வாங்குங்கள். இரவு தங்க நேர்ந்தால் உணவு, ஹோட்டல் அவர்கள் பொறுப்பு. ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

கென்ட் பகுதியில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆஷ்ஃபர்ட், எப்ஸ்ஃப்ளீட் இரண்டிலும் பிளாட்பாரம், பார்க்கிங் எல்லாம் இருந்தும் 2020 மார்ச்சிலிருந்து யூரோஸ்டார் நிற்பதில்லை. அங்கே நிறுத்தினால் பிரெஞ்சுப் போலீஸையும் அங்கே உட்கார்த்த வேண்டும். யூரோஸ்டாருக்குப் போட்டியாக ரயில் விட நினைக்கும் வர்ஜின் நிறுவனத்துக்கு லண்டன் பணிமனையில் இடம் கொடுக்க 2025 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது, 2030 வாக்கில் ஓட்டுவதாகத் திட்டம். அதுவரை செயின்ட் பாங்க்ரஸ் போய் வருவதை விட ஃபோக்ஸ்டன் ஷட்டிலைப் பாருங்கள். 35 நிமிடம், பிரெஞ்சுச் சோதனையும் ஃபோக்ஸ்டனிலேயே முடியும். கட்டணம் காருக்குத்தான், தலைக்கு இல்லை என்பதால் நாலு பேர் குடும்பத்துக்கு யூரோஸ்டாரை விட இது பெரும்பாலும் மலிவு.